எச்3இல் ஒரு பிஷப்: செஸ் என்ஜின்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் நான் அசடு வழிந்த கதை. "பழைய கம்ப்யூட்டர்கள் திணறிய நிலையாம் இது, என் போன் ஒரே நொடியில் விடை சொல்லிவிட்டது" என்று நண்பர் ஒருவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார். யார் எவ்வளவு முன்னிலை என்று காட்டும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேகக் குறி இருந்தது. என் போன் எதையும் யோசிக்கவே இல்லை. யாரோ எப்போதோ நல்ல கம்ப்யூட்டரில் ஓட்டிய ஆய்வின் விடையைத் தளம் சேமித்து வைத்திருந்தது, நான் நிலையைப் போட்டதும் எடுத்து நீட்டிவிட்டது. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. பிரபலமான ஒரு நிலைக்கு "எந்த என்ஜின் (செஸ் நகர்த்தல்களைக் கணக்கிடும் மென்பொருள்) சரியான விடை சொன்னது" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. விடை ஊருக்கே தெரியும். ஒவ்வொரு என்ஜினும் எந்த இடத்தில் மனம் மாறியது, அதுவரை எதைப் பார்க்காமல் இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒப்பீடு முழுக்க அதைச் சுற்றியே இருக்கட்டும்.

பலகையில் நிலையை வையுங்கள்

அந்த நிலை இதுதான். 1998, ஸ்பெயினின் லினாரெஸ் போட்டி. வெள்ளை வெசலின் டோபலோவ், கறுப்பு அலெக்சி ஷிரோவ். அந்தப் போட்டியை வென்றவர் நம் ஆனந்த், ஷிரோவ் இரண்டாம் இடம். ஆனால் இன்றைக்கு லினாரெஸ் 1998 என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது ஷிரோவின் இந்த ஒரு நகர்த்தல்தான்.

கட்டங்களின் எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுகிறேன்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்.

வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4.
கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6.
ஆட வேண்டியது கறுப்பு, 47வது நகர்த்தல்.

கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல். ஆனால் பிஷப்கள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடுகின்றன. வெள்ளையின் பிஷப் கறுப்புக் கட்டங்களில், கறுப்பின் பிஷப் வெள்ளைக் கட்டங்களில். இப்படி வந்தால் இரண்டு சிப்பாய் கூட இருந்தும் டிராவில் முடிவது சகஜம் என்று கிளப்பில் ஆடும் எல்லோருக்கும் தெரியும்.

ஷிரோவ் ஆடியது பிஷப் எச்3. ஜி2இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் அந்த பிஷப்பைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம்.

படி 1: என்ஜினைத் திறக்கும் முன் நீங்களே எண்ணுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நிலையின் சாரம் நமக்குத் தெரியாவிட்டால் என்ஜின் காட்டும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கறுப்பின் ராஜா இ4க்குப் போக வேண்டும். போய்விட்டால் டி சிப்பாயும் ஏ சிப்பாயும் சேர்ந்து ஓடும். வெள்ளையின் ராஜா இ3க்கு வந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும், டிரா. ஆக இது ஒரு ஓட்டப்பந்தயம்.

கறுப்பு ராஜாவுக்கு இ4 போக வழி என்ன? இ5 வழியாகப் போக முடியாது, சி3இல் இருக்கும் பிஷப் அந்தக் கட்டத்தைப் பிடித்திருக்கிறது. டி5இல் சொந்தச் சிப்பாய் நிற்கிறது. மிச்சம் எஃப்5. அங்கே சொந்த பிஷப்பே குறுக்கே நிற்கிறது. பிஷப் நகர ஒரு மூவ், ராஜா எஃப்5க்கு ஒன்று, இ4க்கு ஒன்று, மொத்தம் மூன்று. வெள்ளை ராஜாவுக்கு எஃப்2, இ3 என்று இரண்டே போதும். கறுப்பு முதலில் ஆடினாலும் வெள்ளைதான் முந்தும்.

அப்படியானால் பிஷப் விலகும்போதே வெள்ளையின் ஒரு மூவை வீணடிக்க வைக்க வேண்டும். ஜி2 சிப்பாயைத் தாக்கிக்கொண்டே விலக வேண்டும். எஃப்5இலிருந்து அப்படிப் போகக்கூடிய கட்டங்கள் இரண்டே இரண்டு: இ4, எச்3. இ4க்குப் போனால் வெள்ளை ஜி3 என்று சிப்பாயைத் தள்ளிவிடும். கறுப்பு ராஜாவுக்கு வேண்டிய கட்டத்திலேயே பிஷப் உட்கார்ந்திருக்கும். பேருந்தில் நமக்குப் பிடித்த இடத்தில் நாமே பையை வைத்துவிட்டு நிற்கிற மாதிரி. மிச்சம் எச்3 ஒன்றுதான்.

வெள்ளை வெட்டினால் ஒரு மூவ் போச்சு: ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. வெட்டாமல் ராஜா எஃப்2 என்று ஆடினால் ராஜா எஃப்5, ராஜா எஃப்3, இப்போது பிஷப் ஜி2 சிப்பாயை வெட்டி செக்! வெள்ளை ராஜா அதை வெட்ட ஜி2க்கு இழுபடும், கறுப்பு ராஜா இ4இல் போய் உட்காரும். ஜி3 என்று தள்ளினாலும் கறுப்பு ராஜா நேரத்துக்கு இ4 வந்துவிடும்.

ஆட்டத்தில் நடந்தது இது. 48இல் ஜி சிப்பாய் எச்3ஐ வெட்டியது, ராஜா எஃப்5. 49 ராஜா எஃப்2, ராஜா இ4. 50 பிஷப் எஃப்6 சிப்பாயை வெட்டியது, டி4. 51 பிஷப் இ7, ராஜா டி3. 52 பிஷப் சி5, ராஜா சி4. 53 பிஷப் இ7, ராஜா பி3. டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். எஃப்6ஐ ஷிரோவ் திரும்பியே பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்கு எச் வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன, ஜி6இல் இருக்கும் ஒற்றைச் சிப்பாய் இரண்டையும் மறித்துக்கொண்டிருக்கிறது. பிஷப் கூடுதலாக இருந்தும் வெள்ளைக்கு ஓட ஒரு சிப்பாய் இல்லை.

படி 2: மேடையைச் சமமாக்குங்கள்

ஒப்பீடுகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

மேகத்தை அணையுங்கள். இணையதளத்தில் செய்தால், சேமித்து வைத்த மதிப்பீட்டைக் காட்டும் வசதி எங்கே இருக்கிறது என்று தேடி நிறுத்துங்கள். இன்னும் நல்லது, என்ஜினைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இறக்கிக்கொள்வது. ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் இலவசம். லீலா என்று செல்லமாக அழைக்கப்படும் எல்சி0வும் இலவசம். இரண்டையும் ஓட்ட அரீனா, "என் குவாசான்" (En Croissant) மாதிரி ஏதாவது ஒரு இலவச மென்பொருள் போதும். லீலாவுக்கென்றே நிப்லர் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

ஹாஷைக் காலி செய்யுங்கள். என்ஜின் ஒருமுறை பார்த்த நிலைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் பிஷப் எச்3 ஆடிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து "இப்போது கண்டுபிடி" என்றால், பரீட்சைக்கு முன் விடைத்தாளைக் காட்டிவிட்டு மார்க் போடுவது மாதிரி. ஒவ்வொரு சோதனைக்கும் முன் கிளியர் ஹாஷ். சந்தேகமாக இருந்தால் என்ஜினை மூடித் திறங்கள்.

த்ரெட் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை இழைகளாகப் பிரிந்து என்ஜின் யோசிக்கிறது என்பது. ஸ்டாக்ஃபிஷைப் பல த்ரெட்களில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் விடை வரும். அது கோளாறு இல்லை. த்ரெட்கள் ஒரே ஹாஷைப் பகிர்ந்துகொள்வதால் எது முந்தும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மாதிரி விடை வேண்டுமென்றால் ஒரு த்ரெட், காலி ஹாஷ், நேரத்துக்குப் பதில் குறிப்பிட்ட நோடுகள் (என்ஜின் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை) என்று வையுங்கள். பல த்ரெட்தான் வேண்டும் என்றால் ஐந்து முறையாவது ஓட்டி ஐந்தையும் எழுதுங்கள். ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து "இதுதான் வேகம்" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ஸ்டாக்ஃபிஷின் பழைய பதிப்புகள் சிலவற்றில் கன்டெம்ப்ட் என்றொரு அமைப்பு இருக்கும், எதிராளியை மட்டமாக எண்ணி மதிப்பெண்ணைக் கொஞ்சம் நகர்த்தும். 0 ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் எந்த எண்ணை எதோடு ஒப்பிடலாம் என்ற விஷயம். ஸ்டாக்ஃபிஷின் நோடும் லீலாவின் நோடும் ஒன்றல்ல. ஸ்டாக்ஃபிஷ் சாதாரண கம்ப்யூட்டரிலேயே நொடிக்கு லட்சக்கணக்கில், நல்ல கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கில் பார்க்கும். லீலா ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பெரிய நியூரல் வலைப்பின்னலை ஓட்டுகிறது, அதனால் அதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் பார்க்கும். "ஆழம் 30" என்பதும் அப்படித்தான். ஸ்டாக்ஃபிஷ் எல்லாக் கிளைகளையும் 30 மூவ் வரை பார்த்தது என்று அதற்குப் பொருள் இல்லை, லீலாவின் ஆழமோ வேறு கணக்கு. மதிப்பெண்ணும் அதே கதை. ஸ்டாக்ஃபிஷ் 15.1இலிருந்து 1.00 என்றால் வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று அளவை மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய 1.00 வேறு. லீலா வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுவிட்டு, பிறகுதான் அதைச் சிப்பாய்க் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. எனவே இரண்டிலும் வெற்றி-டிரா-தோல்வி விகிதம் காட்டும் அமைப்பை இயக்கிவிட்டு அதை ஒப்பிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். என்ஜின் நேரடியாகத் தரும் மதிப்பெண் ஆட வேண்டியவர் பக்கத்திலிருந்து எழுதப்படும். பல மென்பொருள்கள் அதைத் திருப்பி வெள்ளையின் பக்கத்திலிருந்து காட்டும். இந்த நிலையில் ஆடுவது கறுப்பு. பிளஸ், மைனஸ் குழப்பத்தில் மாட்டாமல் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எதுவும் சொல்லாமல் ஓட்டுங்கள்

நிலையைப் போட்டு, ஒரே ஒரு வரி காட்டும்படி வைத்து ஓட விடுங்கள். முதலிடத்தில் இருக்கும் நகர்த்தல் மாறும்போதெல்லாம் நேரம், ஆழம், மதிப்பெண் மூன்றையும் குறியுங்கள்.

ஆரம்பத்தில் என்ஜின் வேறு ஏதாவது பிஷப் மூவையோ ராஜா மூவையோ சொல்லும், கறுப்புக்குச் சாதகம் என்றும் சொல்லும். இங்கேதான் கண் வைக்க வேண்டும். ஆழம் கூடக் கூட அந்தச் சாதகம் வளர்கிறதா? உண்மையாகவே வெல்லும் நிலை என்றால் எண் மெல்ல மெல்ல ஏறும். இதில் அப்படியே நிற்கும், அல்லது இறங்கும். ஆழம் ஏறியும் எண் ஏறாமல் நின்றால், "சாதகம் இருக்கிறது, வழி தெரியவில்லை" என்று என்ஜின் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எதிரெதிர் நிற பிஷப் ஆட்டங்களில் இது அடிக்கடி கண்ணில் படும்.

இன்றைய ஸ்டாக்ஃபிஷ் பிஷப் எச்3ஐக் கண்டுபிடித்துவிடும். எவ்வளவு நேரம் என்பது உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தது. ஆட்டம் நடந்த காலத்து என்ஜின்களோ வெகுநேரம் ஓடியும் அதைத் தொடாமலே இருந்தன. அதனால்தான் புது என்ஜின் வந்தால் இந்த நிலையைப் போட்டுப் பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

படி 4: கையைப் பிடித்து எச்3ஐக் காட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பலரும் செய்வதில்லை.

என்ஜினோடு மற்ற மென்பொருள்கள் பேசப் பயன்படும் யூசிஐ நெறிமுறையில் சர்ச்மூவ்ஸ் என்றொரு கட்டளை உண்டு. "இந்த ஒரு நகர்த்தலை மட்டும் ஆராய்" என்று சொல்வது. ஹாஷைக் காலி செய்துவிட்டு, பிஷப் எச்3 மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். முதலில் வெள்ளைக்கு நல்லது என்றுதான் காட்டும், ஒரு பிஷப் போய்விட்டதே. ஏதோ ஒரு ஆழத்தில் மதிப்பெண் சட்டென்று கறுப்பு பக்கம் புரளும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது படி 3இல் அது தானாகக் கண்டுபிடித்த ஆழத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டியது.

என்ஜின் ஒரு நகர்த்தலைத் தவறவிட இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பார்த்தும் புரியவில்லை. இரண்டு, பார்க்கவே இல்லை. கட்டாயப்படுத்தினாலும் வெகு ஆழத்தில்தான் புரளுகிறது என்றால் முதல் வகை, மதிப்பிடுவதில் குறை. கட்டாயப்படுத்தினால் சீக்கிரம் புரளுகிறது, தானாக விட்டால் மிகத் தாமதம் என்றால் இரண்டாம் வகை, தேர்வு செய்வதில் குறை.

ஸ்டாக்ஃபிஷுக்கு இரண்டாம் வகை ஏன் வருகிறது? அது நகர்த்தல்களை நம்பிக்கை வரிசையில் அடுக்கி, வரிசையில் பின்னால் நிற்பவற்றை ஆழம் குறைத்துப் பார்த்துவிட்டு நகரும். அந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் அவ்வளவு ஆழம் போகவே முடியாது. பிஷப்பைச் சும்மா வெட்டுக்குக் கொடுக்கும், செக்கும் தராத ஒரு நகர்த்தல் வரிசையில் எங்கே நிற்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதே இடத்தில் மல்டிபிவி-யையும் மாற்றிப் பாருங்கள். ஒரு வரிக்குப் பதில் நான்கைந்து வரிகள் காட்டச் சொன்னால், என்ஜின் அவை ஒவ்வொன்றையும் முழுமையாக மதிப்பிட்டாக வேண்டும். கடைசி வரிசையில் இருந்த நகர்த்தலுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். விலை, அதே நேரத்தில் எட்டும் ஆழம் குறையும். நான் தந்திரமான நிலைகளை ஆராயும்போது ஒரு வரியில் ஓட்டி நம்பிக்கை வராவிட்டால் உடனே ஐந்துக்கு மாற்றிவிடுவேன்.

படி 5: ஒரே என்ஜினை அதனோடே மோத விடுங்கள்

வேறு வேறு என்ஜின்களை ஒப்பிட்டால் எல்லாமே வேறாக இருக்கும், எது காரணம் என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12தான் முதன்முதலில் என்என்யூஇ என்ற சிறிய நியூரல் வலைப்பின்னலை மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018இல் உருவாக்கிய யோசனை அது. அதன்பின் வந்த சில பதிப்புகளிலும் இதை அணைக்கவும் இயக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு பதிப்பை இறக்கி, இரண்டு விதமாகவும் படி 3, படி 4 ஓட்டுங்கள். தேடும் முறை அதேதான், மதிப்பிடும் மூளை மட்டும் வேறு. இதைவிடச் சுத்தமான சோதனை வீட்டில் செய்வது கஷ்டம்.

படி 6: லீலாவிடம் முகபாவத்தைப் படியுங்கள்

லீலாவின் வம்சம் வேறு. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் அறிவித்த ஆல்ஃபாஜீரோ என்ற என்ஜினின் வழியைப் பின்பற்றி 2018இல் பொதுமக்களின் கம்ப்யூட்டர் உதவியோடு வளர்ந்தது. நிலையைப் பார்த்ததும் அதன் வலைப்பின்னல் இரண்டு விஷயம் சொல்லும்: இந்த நிலை எப்படி, எந்தெந்த நகர்த்தல்கள் பார்க்கத் தக்கவை. இரண்டாவதை பாலிசி என்பார்கள். முதல் பார்வையில் மனசுக்குப் படுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிப்லரில் நிலையைப் போட்டு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பாலிசி எவ்வளவு, எத்தனை முறை எட்டிப் பார்த்தது, என்ன மதிப்பு என்று மூன்றையும் எழுதுங்கள். எச்3க்கு பாலிசி சொற்பமாக இருந்தால், எட்டிப் பார்ப்பதும் சொற்பமாகத்தான் இருக்கும். ஸ்டாக்ஃபிஷ் ஒரு நகர்த்தலை எவ்வளவு குறைத்துப் பார்த்தது என்பது வெளியே தெரியாது. லீலாவோ தன் தயக்கத்தை எண்ணாகவே காட்டிவிடும். அதற்காகவே எனக்கு லீலாவைப் பிடிக்கும்.

எந்த வலைப்பின்னல் கோப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள். கோப்பு மாறினால் லீலாவின் விடையும் நிறையவே மாறலாம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் ஓட்டிவிட்டு "லீலா மந்தம்" என்று எழுதுவது நியாயமில்லை.

படி 7: பின்னாலிருந்து நடந்து வாருங்கள்

ஆட்டத்தின் கடைசி நிலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூவாகப் பின்னால் வாருங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹாஷைக் காலி செய்துவிட்டு ஒரே அளவு நேரம் கொடுத்து. கறுப்பு வெல்கிறது என்று ஒரு என்ஜின் எந்த நிறுத்தம் வரை சொல்கிறது? 50இல் கறுப்பு ஆடிய டி4க்குப் பிறகா? ராஜா இ4இல் வந்ததுமா? 48இல் பிஷப் வெட்டுப்பட்ட உடனேயா? அந்த எல்லைக்கோடுதான் அந்த என்ஜினின் பார்வை நீளம். இரண்டு என்ஜின்களின் எல்லைக்கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எந்த இடத்தில் ஒன்று மற்றதைவிட முன்கூட்டியே உணர்ந்தது என்பது பளிச்சென்று தெரியும்.

டேபிள்பேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிசிஜி டேபிள்பேஸ்கள் 7 காய்கள் வரை எல்லா நிலைகளுக்கும் முடிவு தெரிந்தவை. 5 காய் வரைக்கும் சுமார் 1 ஜிபி, 6 காய்களுக்குச் சுமார் 150 ஜிபி, 7 என்றால் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அடங்காத அளவு. நம் நிலையில் 10 காய்கள். எச்3இல் வெட்டியதும் 9, எஃப்6 போனதும் 8. ஆட்டம் முடியும்போதும் 8தான். ஆக டேபிள்பேஸ் நேரடியாக விடை சொல்லாது, ஆழத்தில் இன்னும் சில வெட்டுகள் நடந்த பிறகுதான் உதவிக்கு வரும். அதை இணைத்து ஒருமுறை, இணைக்காமல் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு என்ஜினுக்கு மட்டும் இணைத்துவிட்டு மற்றதோடு ஒப்பிடாதீர்கள்.

படி 8: எதிர்ப்பக்கச் சோதனை

எச்3ஐச் சீக்கிரம் கண்டுபிடித்த என்ஜின்தான் சிறந்தது என்று முடிவு கட்டும் முன், அது தவறாகக் கூச்சல் போடும் ஒரு நிலையையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2017இல் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரிலான நிறுவனம் அப்படி ஒரு நிலையை வெளியிட்டது.

வெள்ளை: ராஜா இ2, சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, சி6.
கறுப்பு: ராஜா ஏ6, ராணி ஏ5, யானைகள் ஏ4, பி5, பிஷப்கள் இ5, எஃப்4, ஜி3, சிப்பாய்கள் ஏ3, பி4, பி6, ஏ7, சி5.
ஆட வேண்டியது வெள்ளை.

மூன்று பிஷப்களும் கறுப்புக் கட்டங்களில். ராணியும் யானைகளும் ஒரு மூலையில் பூட்டிக் கிடக்கின்றன. வெள்ளை சிப்பாய்களைத் தொடாமல், யானையை வெட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, ராஜாவை வெள்ளைக் கட்டங்களில் மட்டும் உலாத்தவிட்டால் கறுப்பால் ஒன்றும் செய்ய முடியாது. கிளப்பில் ஆடும் ஒரு பையன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். என்ஜினோ காய்களை எண்ணிவிட்டு கறுப்புக்கு மலை போன்ற சாதகம் என்று காட்டும். இப்படி அடைபட்ட நிலைகளுக்கென்றே ஸ்டாக்ஃபிஷிலிருந்து கிளைத்த கிரிஸ்டல் என்ற என்ஜின் இருக்கிறது. அதையும் வரிசையில் சேர்த்து, யார் எவ்வளவு சீக்கிரம் பூஜ்யத்துக்கு வருகிறார்கள் என்று பாருங்கள்.

ஸ்டாக்ஃபிஷை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நிலையை இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே போங்கள். வெள்ளை ராஜா அங்கும் இங்கும், கறுப்பு பிஷப் அங்கும் இங்கும். வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாத 50 மூவ் ஆனால் டிரா என்ற விதியின் எண்ணிக்கை ஏற ஏற, அந்தப் பெரிய எண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நிலை அடைபட்டிருப்பது புரிந்ததால் அல்ல, எண்ணிக்கை ஏறினால் மதிப்பெண்ணைக் குறைக்கும்படி அதன் நிரலிலேயே எழுதியிருக்கிறார்கள். 50ஐ நெருங்கியதும் 0.00.